காணாமற்போன பதின்மூன்று அடி

ஜூன் 12, திங்கள்

இந்த நோட்டுப் புத்தகம் இன்று முற்பகல் 10.15 மணிக்கு என்னிடம் தரப்பட்டது. தந்தவர் பெனிட்டா என்னும் பிசியோதெரபிஸ்ட். வாரம் இருமுறை வந்து என் கைகால்களை நீட்டி மடக்குபவர். "தினமும் நாலு வரியாவது எழுதுங்க சார்" என்றார். நாற்பத்தோராண்டு காலமாக நாட்குறிப்பு எழுதி வருபவனிடம் சொல்லும் பேச்சா இது? என் டைரி தென்காசியில், மேசையின் மூன்றாவது இழுப்பறையில், மே 8 வரை எழுதப்பட்டுக் கிடக்கிறது. மே 9, செவ்வாய், காலை 6.40 மணிக்கு எனக்கு ஒரு தலைச்சுற்றல் ஏற்பட்டது. மருத்துவமனையில் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் அங்கே; மே 21 முதல் பாளையங்கோட்டையில், மகன் செண்பகராமன் வீட்டில். என் வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. கேட்டால், "பத்திரமா இருக்குப்பா" என்கிறான். யாரிடம் என்று சொல்வதில்லை.

நோட்டுடன் ஒரு சிறு தறியும் தரப்பட்டது. மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு மரச்சட்டம். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஆணி வரிசை. நீளவாக்கில் கட்டும் நூல் பாவு. மர ஊசியில் கோத்து, பாவின் மேலும் கீழுமாகக் குறுக்கே ஓட்டும் நூல் ஊடை. ஒவ்வொரு வரியையும் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். செய்யத்தக்க பத்துப் பொருள்கள் அடங்கிய ஜெராக்ஸ் கையேடு ஒன்றும் உண்டு. நில அளவைத் துறையில் தலைமை வரைவாளராக ஓய்வுபெற்ற எனக்கு எழுபத்தாறாம் வயதில் இந்தக் கைவேலை!

மருமகள் குழல்மொழி பாவு கட்டிக் கொடுத்தாள். "நாப்பது நூல் மாமா. கடைசி நூல் மட்டும் சிவப்பு, இடது ஓரத்துல. சிவப்பு வார வரைக்கும் ஊசிய ஓட்டணும், அப்புறந்தான் திரும்பணும். சரியா?" என்றாள்.

தறியில் சிவப்பு நூல் எதுவும் இல்லை. அனைத்தும் வெள்ளை. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை, குறித்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 16, வெள்ளி

கையேட்டின் முதற்பொருளாகிய டம்ளர் விரிப்பு முடிந்தது. விரிப்பு என்று படத்தில் இருக்கிறது. சட்டத்திலிருந்து கழற்றினால் இடுப்பு வார் அகலத்துக்கு நெசவும், எஞ்சிய பகுதி வெறும் நூல் குஞ்சமுமாக வந்திருக்கிறது. கையேடு எழுதியவருக்கு அளவு தெரியவில்லை.

ஜூன் 21, புதன்

மதியம் வெண்டைக்காய் வதங்கும் மணம் வந்தது. ஐயமேயில்லை, என் மூக்குக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தட்டில் சோறும் குழம்பும் அப்பளமும் மட்டுமே. வெண்டைக்காய் இல்லை. சோற்றையும் பாதிதான் வைத்திருந்தாள்.

"பொரியல் யாருக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் மாமா. தட்டுல வெச்சிருக்கேன்லா."

"எங்கே வெச்சிருக்கே?"

அவள் தட்டைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றினாள். அதற்குள் பொரியல் வந்துவிட்டது! எவ்வளவு விரைவு. பிடிபட்டதும் வைத்துவிட்டு, முதலிலேயே வைத்தது போன்ற முகம். சோறும் இன்னொரு பாதி கூடியிருந்தது. உண்டேன். உப்பு சரியாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜூன் 23, வெள்ளி

முகம் மழித்தேன். செண்பகராமன் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் அப்படியே விட்டுட்டியளேப்பா, பாதி வேசத்துல எந்திரிச்சி வந்த மாதிரி" என்று சிரித்தான். கண்ணாடியில் பார்த்தேன். முகம் முழுவதும் வழவழப்பாகவே இருந்தது. தகப்பனைக் கேலி செய்வதற்கும் ஒரு வரம்பு உண்டு.

ஜூன் 24, சனி

நடையில் இருக்கும் பீரோவை எனக்குத் தெரியாமல் நகர்த்தியிருக்கிறார்கள். இடித்துக்கொண்டேன். இது மூன்றாம் முறை.

ஜூன் 27, செவ்வாய்

இன்று இரண்டு செய்திகள்.

ஒன்று: காலை 11.05க்கு நான் குளித்துவிட்டு வரும்போது குழல்மொழி உணவு மேசையில் அமர்ந்து ஒரு நோட்டில் நீல மையால் எழுதிக்கொண்டிருந்தாள். நேற்றும் இதே நேரம், முந்தாநாளும். என்னைக் கண்டதும் பதறவில்லை. நிதானமாக மூடிவைத்து, "தலைய நல்லாத் துவட்டுங்க மாமா" என்றாள். பதறாமல் இருப்பதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம்.

இரண்டு: அதன்பின் கொல்லைப்புறம் போய்த் தொலைபேசியில் பேசினாள். சன்னலருகே நின்றேன்.

"இன்னைக்கு இருபத்திரெண்டு. ஆமா... போன வாரம் பதினெட்டுதான். ... இல்ல, அவுககிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்க சொன்னதுதான், தானாத் தெரியணும்."

பதினெட்டு, இருபத்திரண்டு. எது ஏறிக்கொண்டே போகிறது? தென்காசி வீட்டை யாரோ கேட்கிறார்கள். பேரம் நடக்கிறது. எனக்குத் 'தானாத் தெரியும்' நாளில் பத்திரம் பதிவாகியிருக்கும்.

கையேட்டின் இரண்டாவது பொருளாகிய கண்ணாடி உறையும் முடிந்தது. என் மூக்குக்கண்ணாடி அதில் நுழையவில்லை. பேனா நுழைகிறது.

ஜூன் 30, வெள்ளி

செண்பகராமனிடம் நேராகக் கேட்டேன். "ஜூலை 17 திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு மாறக்கூடாது. அதற்குள் நான் தென்காசி போயாக வேண்டும். அனுப்புவாயா, மாட்டாயா?"

அவன் பெனிட்டாவைப் பார்த்தான். பெனிட்டா குழல்மொழியைப் பார்த்தார். இவ்வளவு பார்வை எதற்கு?

பெனிட்டாதான் பேசினார். "சார், கையேட்டுல கடைசியா ஒரு படத்திரை இருக்கு பாத்தீங்களா? சுவத்துல மாட்டுறது. அதுல உங்க வீட்டையே நெய்யுங்களேன். ரோட்டுல நின்னு பார்த்தா எப்படி இருக்குமோ, அப்படி. முழுசா நெய்து முடிச்சிட்டீங்கன்னா நானே டாக்டர்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்றேன்."

"முழு வீடு நெய்தால் போகலாம். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"நெய்து முடிங்கப்பா, நானே கார்ல கொண்டு விடுதேன்" என்றான் மகன்.

இருவரின் ஒப்புதலையும் இங்கே பதிவு செய்கிறேன். நேரம் பகல் 12.10.

ஜூலை 1, சனி

அளவு குறித்தாயிற்று. என் வீட்டின் முகப்பு நாற்பது அடி. தறியில் நாற்பது நூல். ஆகவே ஒரு நூலுக்கு ஓர் அடி. வலமிருந்து: ஆறாம் அடியில் தொடங்கி ஒரு சன்னல், பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை வாசற்கதவு, இருபத்தொன்பதில் இன்னொரு சன்னல், முப்பத்தாறில் கிணறு. இவற்றை நான் எந்தத் தாளையும் பார்க்காமல் எழுதினேன். என் மூளையில் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க.

சுவருக்கு மஞ்சள் நூல், கதவுக்குப் பழுப்பு, சன்னலுக்கு நீலம், கிணற்றுக்குச் சாம்பல் நிறம் கேட்டேன். குழல்மொழி இன்று மாலையே நால்வகையும் வாங்கி வந்தாள். இவ்வளவு சுறுசுறுப்பு ஏன் என்பது விளங்கவில்லை.

ஜூலை 5, புதன்

வேலை நன்றாக நடக்கிறது. நிறம் மாறும் இடத்தில் இரு நூல்களையும் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டித் திருப்ப வேண்டும். இல்லையேல் சுவருக்கும் சன்னலுக்கும் நடுவே கீறல் விழும். இதை நானே கண்டுபிடித்தேன். கதவுக்குக் கறுப்பு நூலில் ஒரு நாதாங்கியும் வைத்தேன். குழல்மொழி எட்டிப் பார்த்து, "நாதாங்கி அசலா இருக்கு மாமா!" என்றாள். உடனே, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. இன்னும். கையால தடவிப் பாருங்க" என்றாள். எந்தப் பக்கம்? முடிந்த இடத்துக்கு அப்பால் போக ஏது இடம்? பாராட்டுவது போல் வந்து வேலையைக் கெடுக்கப் பார்க்கிறாள்.

கொல்லையில் இன்று அவள் சொன்ன எண் இருபத்தேழு.

ஜூலை 8, சனி

மாலை 4.30 மணிக்கு வீட்டை நெய்து முடித்தேன். கூரை ஓடுகளின் கடைசி வரியை அடித்து இறுக்கிய பின், தறியைச் சட்டத்தோடு உணவு மேசையில் நிறுத்தினேன். குடும்பத்தாரை அழைத்தேன்.

இருவரும் நின்றார்கள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்குப்பா. கதவு, ஓடு எல்லாம் சரியா இருக்கு." என்றான் செண்பகராமன். "கிணறு எங்கப்பா?"

"அதனிடத்தில் இருக்கிறது. முப்பத்தாறாவது அடியில்."

"எங்க, காட்டுங்க."

காட்டப் போனேன். கதவு இருந்தது. கதவுக்கு இப்பால் சன்னல் இருந்தது. கதவுக்கு அப்பால் சிறிது சுவர், பிறகு ஒன்றுமில்லை. கிணறு இல்லை. இன்னொரு சன்னலும் இல்லை.

"பாதி வீடுதான்ப்பா இருக்கு. அந்தப் பக்கம் வெறும் நூலால்லா நிக்குது" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நடிப்பில் அவன் தாயைப் போன்றவன் அல்லன். எங்கே பழகினான் என்று தெரியவில்லை.

நான் நாற்பது அடியையும் நெய்யாமல் விட்டிருக்க இயலாது. ஆகவே நெய்திருக்கிறேன். ஆகவே அது பிரிக்கப்பட்டிருக்கிறது. பாவை எண்ணினேன், இருபத்தேழு நூல்தான் இருந்தது. நெசவைப் பிரித்தது மட்டுமன்றிப் பாவு நூலையும் உருவியிருக்கிறார்கள். பதின்மூன்று நூல். என் வீட்டில் பதின்மூன்று அடி காணாமற் போயிருக்கிறது, கிணற்றோடு சேர்த்து.

"திருட்டு" என்றேன். சொல்லை அளந்தே சொன்னேன்.

குழல்மொழி சட்டத்தைத் தொட்டு எண்ணிக் காட்டினாள்: "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, இந்தா சிவப்பு, நாப்பது." ஒரே நூலை இருமுறை எண்ணினால் நாற்பது என்ன, ஐம்பதே வரும்.

"அப்பா, உங்க மூளையில வலப்பக்கம் அடைச்சிருந்துது. அதனால இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கதே உங்களுக்குத் தோண மாட்டேங்குது. கண்ணுல கோளாறு இல்ல. டாக்டர் எத்தனை தடவ சொல்லிட்டாரு!" என்று கத்தினான் மகன்.

இருக்கும் ஒரு பக்கம் ஒருவனுக்குத் தோன்றாமல் போகுமாம். தோன்றவில்லை என்பது அவனுக்கே தெரியாமலும் போகுமாம். இதைவிட வசதியான ஏற்பாட்டை எந்த ஏமாற்றுக்காரனும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

ஜூலை 9, ஞாயிறு

இருவரும் கடைவீதி போயிருந்த ஒன்றே கால் மணி நேரத்தில் அவள் நோட்டைத் தேடினேன். சமையலறை இழுப்பறைகள், பீரோ, அரிசி டப்பா, பூசை அலமாரி. இல்லை. எனக்கு எதிரான குறிப்புகள் அனைத்தும் அதில் இருக்கும். நன்றாக ஒளித்திருக்கிறாள்.

ஜூலை 12, புதன்

முற்பகல் 10.40க்கு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன். தென்காசிப் பேருந்து நிற்கும் இடம் சாலைக்கு எதிர்ப்புறம். சாலை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டே இறங்கினேன். எங்கிருந்தோ ஒரு ஸ்கூட்டர் முளைத்தது. விழுந்தேன். ஓட்டி வந்த பெண், "கண்ணு தெரியலியா தாத்தா? ஆரன் அடிச்சிக்கிட்டே வாரேன்" என்று அழுதாள். ஆரன் கேட்டது உண்மை. அது வலப்புறமிருந்து கேட்டதாகவே எனக்குப் பட்டது. அங்கே வண்டி எதுவும் இல்லை.

டீக்கடைக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எனக்கு அடி எதுவும் இல்லை என்றேன். குழல்மொழி என் இடக்கையைத் தூக்கி என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரத்தம். சட்டைக் கை நனைந்திருந்தது.

டெட்டால் போட்டுத் துடைத்தாள்.

செண்பகராமன் வந்து, "ஆடி கழியட்டும்ப்பா, பாப்போம். தறியும் முடியலியே" என்றான். ஒப்பந்தத்தை மீறுகிறான். முறைப்படி எழுத்து மூலமாகப் புகார் தயாரிக்க முடிவு செய்தேன்.

ஜூலை 14, வெள்ளி

புகாருக்குச் சான்று வேண்டும். சான்று என்றால் அளவு.

எங்கள் துறையில் விதி ஒன்று உண்டு. ஒரு முனையிலிருந்து அளந்த கோட்டை மறுமுனையிலிருந்தும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் படத்தில் மை ஏற்றலாம். முப்பத்திரண்டாண்டு காலம் அந்த விதியைப் பிறர்மேல் செலுத்தியவன் நான். ஒரு முனை அளவை மட்டும் கொண்டுவந்த சர்வேயர்களைப் படத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தறியை நான் ஒரு முனையிலிருந்துதான் எண்ணியிருக்கிறேன் என்பது இன்று காலை 9.50க்கு நினைவுக்கு வந்தது.

சட்டத்தை மேசைமேல் கிடத்தி, மேல் விளிம்பு என் பக்கம் வரும்படி அரைச் சுற்றுத் திருப்பினேன்.

முதல் நூல் சிவப்பு.

அதையடுத்து வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஊடையே படாத பாவு நூல்கள். அவற்றுக்கு அப்பால், தலைகீழாக, மஞ்சள் சுவர் தொடங்கியது. பழுப்புக் கதவும் நாதாங்கியும் இருந்தன. அத்துடன் தறி முடிந்துவிட்டது. சன்னல் இல்லை. நீல நூலில் நானே மூன்று நாள் நெய்த சன்னல்.

எண்ணினேன். இருபத்தேழு.

மீண்டும் திருப்பினேன். சன்னல் வந்தது. சிவப்பு போயிற்று. எண்ணினேன். இருபத்தேழு.

அறையில் வேறு யாரும் இல்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நான் திருப்பிய நேரத்தில் சன்னலை எடுத்துச் செல்லவும் சிவப்பைக் கொண்டுவந்து வைக்கவும் எவரும் இல்லை. ஒரு முனையிலிருந்து எண்ணும்போது அகப்படாத நூல்கள் மறுமுனையிலிருந்து எண்ணும்போது இருக்கின்றன. இருபத்தேழும் இருபத்தேழும் ஐம்பத்து நான்கு. இந்தச் சட்டத்தில் அவ்வளவு ஆணிகளே இல்லை. கோடு மாறவில்லை. அளவுச் சங்கிலி மாறவில்லை. இரு அளவுகளும் தவறு. அப்படியானால் பிழை அளப்பவனிடம். இந்த வாசகத்தை எத்தனை கோப்புகளின் ஓரத்தில் எழுதியிருப்பேன்!

பிறகு கண்ணை நம்பாமல் வலக்கைச் சுட்டுவிரலை நூலின்மேல் வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. தறி முடிந்துவிட்டது என்று தோன்றிய இடத்தில் விரலுக்குக் கீழே இன்னொரு நூல் இருந்தது. அதற்கப்புறமும். நாற்பதாவது நூலில் விரல் நின்றதும் தலையைத் திருப்பி, இன்னும் திருப்பி, கழுத்து வலிக்கத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு.

இதை எழுத நோட்டைத் திறந்தேன். தறியில் செய்தது போலவே நோட்டிலும் விரலை ஓட்டினேன். ஏன் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் எழுத்து தாளின் நடுவில் தொடங்குவதைக் கண்டேன். தாளின் ஓரம் வந்தது. தைத்த மடிப்பு வந்தது. அதற்கும் அப்பால் தாள் இருந்தது.

அந்தத் தாளில் நீல மையால் எழுதியிருந்தது.

ஜூலை 15, சனி

நேற்று முழுவதும் படித்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்க வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. நான் அரிசி டப்பாவில் தேடிய நோட்டு இதுதான். என் வலப்பக்கப் பதிவு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இடப்பக்கத்தில், அவள் எழுதியிருக்கிறாள். சிலவற்றை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

"ஜூன் 12, திங்கள். மாமா, இந்த நோட்டுல இடதுபக்கம் நான் எழுதுறேன். ஒளிச்சு எழுதல. பெனிட்டா சொன்னாங்க, நாம காட்டக் கூடாது, அவரா பாக்கணும்னு. என்னைக்குப் பாக்கறீங்களோ அன்னைக்கு அவங்களுக்குப் போன் போடணும். பாத்ததும் திட்டுங்க, பரவால்ல."

"ஜூன் 21, புதன். பொரியல் முதல்லயே வெச்சிட்டேன் மாமா. சத்தியமா."

"ஜூன் 27, செவ்வாய். வீட்ட யாரும் கேக்கல. இருபத்திரெண்டு நீங்க நெய்த நூல் எண்ணிக்கை. சாவி பூசை அலமாரில மஞ்சள் துணில இருக்கு."

பூசை அலமாரியை நான் ஜூலை 9 அன்று தேடியிருக்கிறேன். வலப்பாதியை மட்டும்.

"ஜூலை 5, செவ்வாய். இன்னைக்கு இருபத்தேழு! பெனிட்டா சந்தோசத்துல கத்திட்டாங்க போன்ல. நாதாங்கி ரொம்ப அழகு."

"ஜூலை 8, சனி. பதிமூணு நூலத் திருடி நான் என்ன மாமா பண்ணப் போறேன்? அது விளக்குத் திரிக்குக் கூடக் காணாது. உங்க மகன்தான் ராத்திரி சாப்பிடல."

"ஜூலை 12, புதன். ஒண்ணும் எழுத முடியல."

எல்லாவற்றையும் அவள் படித்திருக்கிறாள். நடிப்பு, திருட்டு, தேர்ந்தவர்கள், எல்லாவற்றையும். படித்துவிட்டு மறுநாள் பாவு கட்டியிருக்கிறாள்.

ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஜூலை 5 செவ்வாய் அல்ல, புதன். அவளுடைய பக்கத்தில், சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன்.

பகல் உணவின்போது தட்டை நானே பிடித்து அரைச் சுற்றுச் சுற்றினேன். பீர்க்கங்காய்த் துவையல் இருந்தது. குழல்மொழி கரண்டியுடன் அப்படியே நின்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை என்று எண்ணியிருக்கக்கூடும். அவள் என் வலப்புறம் நின்றிருந்தாள்.

ஜூலை 16, ஞாயிறு

இடச் சன்னல் முடிந்தது. கிணறு தொடங்கினேன்.

முன்பு எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். மே 9 அன்று நான் விழுந்தது கிணற்றடியில். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரந்தான். 6.40க்கு விழுந்தவனைப் பால்காரர் பார்த்தபோது மணி 8.55. அந்தக் கிணறு வீட்டின் இடப்புறம் இருக்கிறது.

ஜூலை 17, திங்கள்

(இப்பதிவு இடப்பக்கத்தில் எழுதப்படுகிறது.)

ஆடி பிறந்தது. முற்பகல் 11.00 மணிக்கு நாற்பது அடியும் முடிந்தது. இடப்புறச் சுவரில் நெசவு சற்றுத் தளர்வு. கிணறு ஒரு சாம்பல் மூட்டையைப் போல் இருக்கிறது. ஆனால் அதனிடத்தில் இருக்கிறது. ஒப்பந்தப்படி நான் இன்றே போகலாம். செண்பகராமன் மஞ்சள் துணியை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தான். "எப்பம் போணும்னு தேதியச் சொல்லுங்கப்பா" என்றான்.

நான் தென்காசிக்குத் திரும்பும் தேதி: ........................

இந்தக் கோட்டை இப்போதைக்கு நிரப்பவில்லை. முதலில் கிணற்றுக்கு இடுப்பளவில் சுவர் எழுப்ப வேண்டும். அதற்கான படத்தை நான் வரைவேன். இரு முனையிலிருந்தும் அளந்து.

குழல்மொழி பெனிட்டாவை அழைத்தாள். "என்னைக்கும் நான்தான சொல்லுதேன். இன்னைக்கு நீங்களே சொல்லுங்க மாமா" என்று போனை நீட்டினாள். வேண்டுமென்றே இடப்பக்கமாக நீட்டினாள். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே போய், சற்றுத் தேடி, அவள் கையைக் கண்டுபிடித்து வாங்கினேன்.

"ஆவுடையப்பன் பேசுதேன்மா. இன்னைக்கு ஜூலை பதினேழு, திங்கக்கிழமை, மணி பதினொண்ணு இருபது. எழுதிக்கோ" என்றேன். "நாப்பது."